மூன்றாவது தசமம்

சண்டை உச்சத்தில் இருக்கும்போதுதான் என் நெட் சென்டர் மிக அமைதியாக இருக்கும். எட்டு கேபின், எட்டு கம்ப்யூட்டர், எட்டு முதுகு. கீபோர்டு சத்தம் மட்டும் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கும். யாராவது என்டரை ஓங்கிக் குத்தினால் பிளைவுட் தடுப்பு அதிரும். அங்கே ஒருவன் இன்னொருவனைத் திட்டி முடித்துவிட்டான் என்று நான் தெரிந்துகொள்வேன்.

சென்னை காசிமேட்டில் என் சென்டருக்கு அப்படிப்பட்ட கூட்டம் 2009 மே மாதத்தில்தான் வந்தது. காரணம் எளிமையானது. ஏப்ரல் நடுவிலிருந்து நாற்பத்தைந்து நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று அரசாங்கம் விதித்த தடை. அந்த வருடம் அதன் நடுவில் பாராளுமன்றத் தேர்தல் வந்து உட்கார்ந்துகொண்டது. கடலில் இருக்க வேண்டிய ஆயிரக்கணக்கான ஆண்கள் கரையில் இருந்தார்கள். காலையில் படகுக்குப் பெயிண்ட் அடித்து வலையைச் சரிபார்த்துவிட்டால் மதியத்துக்கு மேல் வேலை இல்லை. ஆனால் ஒவ்வொரு சுவரிலும் தேர்தல் இருந்தது.

இதுமட்டும் காரணமில்லை. எங்கள் படகுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. என் தம்பி ரஞ்சித் வேலை செய்த படகு பொன்னுரங்கம் மாமாவுடையது. அதில் ஏறினால் கட்சி பேசக்கூடாது. முன்பு ஒரு தேர்தல் வருடத்தில் இரண்டு பேர் நடுக்கடலில் கட்சிக்காக அடித்துக்கொண்டு, மூன்றாம் நாளே வெறும் படகோடு திரும்ப வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து இந்த விதி. மீறுகிறவன் அடுத்த ஒரு ட்ரிப்புக்குக் கரையில் இருக்க வேண்டும். மாமா தன் சொந்த மச்சானையே அப்படி உட்கார வைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எட்டு ஆண்கள் பத்து நாள், ஒரு ரேஷன் கடை அளவு இடத்தில் உண்டு உறங்க வேண்டும். வலை இழுக்கும்போது ஒருவன் கையை இன்னொருவன் நம்ப வேண்டும். அதனால் வருடம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் என் சென்டரில் வந்து கொட்டினார்கள். படகில்தானே கூடாது, நெட்டில் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

ரஞ்சித்துக்கு அது முக்கியமான வருடம். மாமாவுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. ஆடும் படகில் மணிக்கணக்கில் வீலைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தடை முடிந்ததும் வீலை ரஞ்சித்திடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். இருபத்தெட்டு வயதில் டிரைவர். பிப்ரவரியில் ஒருநாள் வீல் ரூமுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஜிபிஎஸ் பெட்டியில் தான் சேர்த்து வைத்திருந்த ஒரு பாயிண்டை அவனுக்குக் காட்டினார்.

பாயிண்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் சில இடங்களில் பாறை இருக்கும். நாங்கள் பாரு என்போம். மீன் அதைச் சுற்றித்தான் கூடும். ஆனால் வலை அதில் மாட்டினால் கிழிந்துவிடும். எனவே பாரின் விளிம்பு எது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். அந்தக் காலத்தில் கரையில் தெரியும் கோபுரத்தையும் புகைபோக்கியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். இப்போது எண்கள். டிகிரி, நிமிடம், ஒரு புள்ளி, புள்ளிக்குப் பிறகு மூன்று தசமம். இதில் ஒரு நிமிடம் என்பது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். முதல் தசமம் இருநூறு மீட்டர். இரண்டாவது இருபது. மூன்றாவது தசமம் வந்துவிட்டால் இரண்டே மீட்டர், ஒரு கட்டில் அளவு. மாமாவுக்கு அந்த விளிம்பைக் கண்டுபிடிக்க ஆறு வருடமும் நாலு வலையும் ஆயின. உலகத்தில் அதை அறிந்தவர்கள் அவரும் என் தம்பியும்தான்.

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன். ஃபேஸ்புக் பரவுவதற்கு முந்தைய காலம், எல்லோரும் ஆர்க்குட்டில் இருந்தார்கள். அதில் வடசென்னைக்காரர்களின் குழு ஒன்று. நாலாயிரத்துச் சொச்சம் பேர். அங்கே யாராவது ஒரு தலைப்பு போடுவார்கள், மற்றவர்கள் அடியில் பதில் எழுதுவார்கள். தமிழைத்தான் எழுதுவார்கள், இங்கிலீஷ் எழுத்தில். எந்தத் தலைப்புக்குக் கடைசியாகப் பதில் வந்ததோ அது பட்டியலில் முதலாவதாக வந்து நிற்கும். பதில் வராத தலைப்பு கீழே இறங்கி, இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று மூழ்கிப்போகும். இதை நான் பலருக்கும் விளக்கியிருக்கிறேன். உனக்குப் பிடிக்காத ஒருவன் எழுதியதற்கு நீ பதில் போட்டால், அவன் பேச்சை மேலே தூக்கிப் பிடிப்பது நீதான். எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் போய்ப் பதில் போடுவார்கள்.

ரஞ்சித் அங்கே 'காசிமேடு சிங்கம்'. அவனோடு மோதியது 'புயல்' என்ற ஆள். வயது முப்பத்திநாலு, ஆண், ராயபுரம் என்று போட்டிருந்தது. தகராறு, திருவொற்றியூர்க் கடலோரத்தில் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியது யார் ஆட்சியில் என்பது. இரண்டு ஆட்சியிலும் லாரிகள் வந்தன, கல் கொட்டின. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது பதினோரு நாள் ஓடியது.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. ரஞ்சித் ஆறாம் நம்பர் கேபினிலிருந்து எழுந்து சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா, புயலு இன்னிக்குக் கரைய கடந்துட்ச்சி. வந்து பாரு, எப்பிடி வாய மூடிகினு கீறான்னு."

"யார்ரா அவன்? வேற வேல இல்லியா உங்களுக்கு?"

"என்னப் பாத்து நீ மீனவனே கெடியாதுன்றான்க்கா. சொம்மா வுடுவனா?"

போய்ப் பார்த்தேன். புயல் எழுதியிருந்தது: "பீச் ஸ்டேசன்ல எறங்குனவன்லாம் மீனவன் இல்ல நைனா. கடல்ல கால நனைச்சிகீறியா நீ? கல்லப் பத்திப் பேச வந்துட்ட." அதன் கீழே என் தம்பியின் பதில்: "நான் யாருன்னு தெர்ஞ்சிக்கணுமா? இந்தா, எங்க போட்டு பாயிண்டு. எவனாவது டீக்கடைல குந்திகினு இத்த சொல்ல முடியுமா?" அதற்கும் கீழே எண்கள். டிகிரி, நிமிடம், புள்ளி. மூன்று தசமமும்.

"இது இன்னாடா நம்பரு?" என்றேன்.

பதில் சொல்வதற்காக அவன் திரையைத் திரும்பப் படித்தான். அவ்வளவு நேரம் அவன் பார்த்தது புயல் ஒருவனைத்தான். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் வேறு யாரும் படிக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றியது. காசிமேட்டில் எத்தனை படகு! என் சென்டரிலேயே அப்போது மூன்று படகுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா…"

"அழி மொதல்ல."

தன் பதிலை அழித்தான். ஆனால் அதற்குள் புயல் அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டி, கீழே எழுதிவிட்டது: "இது இன்னா நைனா, உங்க வூட்டு கேஸ் கனெக்சன் நம்பரா?" அதற்கும் கீழே நாலைந்து பேரின் சிரிப்பு. நாம் எழுதியதை நாம் அழிக்கலாம். அடுத்தவர் எழுதியதற்குள் போய் அழிக்க முடியாது.

நான் என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள் ரஞ்சித், "அந்த நம்பர எடு, மரியாதயா எடுத்துடு" என்று அங்கேயே தட்டிவிட்டான். மூன்றாவது இடத்துக்கு இறங்கியிருந்த தலைப்பு மறுபடி முதலிடத்தில் ஏறி நின்றது.

"டேய்! கைய எட்றா அதுலேந்து!" என்று கத்தினேன். மற்ற ஏழு முதுகும் திரும்பின.

அவனை வெளியே அழைத்துக்கொண்டு போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா என்னய வீல்ல வுட மாட்டாருக்கா. வேற ஒரு போட்டு அந்த எடத்துல நின்னுதுன்னு வெச்சிக்க, ரெண்டே பேருக்குத் தெரியும். அவரு சொல்லல. அப்ப யாரு?"

தடை முடிய இருபது நாள் இருந்தது.

புயலுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பலாம் என்றேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. எண் உண்மை என்று சொன்னால்தான் அந்த ஆள் இரங்கி அழிப்பார். உண்மை என்று தெரிந்துகொண்டால் அதை வைத்துக்கொண்டு ஆட்டவும் செய்யலாம். பதினோரு நாளாகச் சோமாரி, பேமானி என்று திட்டிய எதிரியிடம் போய், என் கழுத்து உன் கையில் இருக்கிறது என்று சொல்வது சாதாரணமா? ரஞ்சித் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நானே என் பெயரில் எழுதினேன். நான் அவனுடைய அக்கா, காசிமேட்டில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன், அந்த எண் நிஜம், அதனால் ஒருவனுடைய வேலை போகும், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். சென்டர் இருக்கும் தெருவையும் போட்டேன்.

பதில் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண், சர்ச் பூசைக்குப் போய்விட்டு வந்த புடவையில், கையில் ஒரு வயர்கூடையோடு படியேறி வந்தார். நாலு பக்கமும் பார்த்தார்.

"இதுல யாருப்பா காசிமேடு சிங்கம்?"

ரஞ்சித் எழுந்து நின்றான். "நான்தான். இன்னா வோணும்?"

"த்தோடா! இத்தினி ஒல்லியா கீற?"

"நீங்க யாருங்க?"

"புயலு."

ரஞ்சித் என்னைப் பார்த்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பெயர் அடைக்கலமேரி. எர்ணாவூரில் வீடு. ஒரு இறால் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் ஆர்க்குட். "ஆம்பள பேரு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல என் பேர்லதான் போனேன். கல்லு யாரு ஆட்சில கொட்னாங்கோன்னு கேட்டா, கல்யாணம் ஆயிட்ச்சான்னு கேக்கறானுங்கோ. சரி போன்னு புயலா மாறிட்டேன். அப்பறம் ஒருத்தனும் கல்யாணத்தப் பத்திக் கேக்கல. கல்லப் பத்திதான் கேட்டான்."

"வூட்ல யாரும் பேச மாட்டாங்களா?"

"பேசுவாங்கோ. அவுரு பேசுவாரு, எங்க அண்ணன் பேசுவாரு. நான் வாயத் தொறந்தா, கொழம்பு கருகுது பாருன்னுவாங்கோ. அங்க பாரு, இவன் பதினோரு நாளு எனக்குப் பதிலு சொல்லிகினு இருந்தான். திட்டுனான்தான். ஆனா நான் எழுதுனத ஃபுல்லாப் பட்ச்சிட்டுத் திட்டுனான்."

ரஞ்சித் தரையைப் பார்த்தான். "சாரிக்கா."

"இன்னாத்துக்கு சாரி? நான் மட்டும் கம்மியாவா திட்னேன்? நவுரு."

ஆறாம் நம்பரில் உட்கார்ந்து தன் பதிவைத் தேடி அழித்தார். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தோம். எண் எங்கேயும் இல்லை.

"எங்க நைனா காத்திவாக்கத்துல எறா புடிச்சாரு தம்பி," என்றார். "கழிமுகத்துல அவுரு கை வெச்சி எறா தடவற எடத்த சாவற வரிக்கும் எங்க அண்ணன்கிட்டயே சொல்லல. அத்த வெச்சித்தான் சொன்னேன், இவன் ரீலு வுடறான்னு. நெசமான மீனவன் எவனாவது பாயிண்ட வெளிய சொல்லுவானா?"

அதைச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று திரும்பி, "ஆனா கல்லு கொட்னது எங்க ஆட்சிலதான்" என்றார்.

"அக்கா, அது வந்து…" என்று ஆரம்பித்த ரஞ்சித்தின் முதுகில் ஒன்று வைத்தேன்.

புதன்கிழமை வாக்குப்பதிவு. சனிக்கிழமை முடிவு. யார் ஜெயித்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் நீங்களும் சண்டைக்கு வருவீர்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு ஒன்று. திங்கட்கிழமை அந்தத் தலைப்பில் ஒருவரும் எழுதவில்லை. முடிவு தெரிந்துவிட்டால் விவாதமும் முடிந்துவிடும்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கல் யார் கொட்டியது என்பது தேர்தல் முடிவில் வரவில்லையே. கேள்வி அப்படியே இருந்தது, கேட்க ஆளில்லை. ஓட்டு என்பது சீட்டுக்குள்ளும் மிஷினுக்குள்ளும் போய்விடுகிற ஒன்று. நீ யார் பக்கம் நின்றாய், ஏன் நின்றாய் என்று அது யாரிடமும் சொல்லாது. நின்றதை யாராவது பார்க்க வேண்டும் என்று மனிதனுக்கு இருக்கிறது. தேர்தலுக்கு முந்தைய அந்தச் சில வாரங்கள்தான் அதற்கான நேரம். ரஞ்சித்துக்கும் மேரியக்காவுக்கும் நான் பார்த்த வரையில் வேண்டியிருந்தது அதுதான்.

தலைப்பு இரண்டாம் பக்கத்துக்கு இறங்கியது. பிறகு நாலாம் பக்கத்துக்கு. ரஞ்சித் மட்டும் தினமும் வந்து, அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனான்.

"எண்ணு அங்க இல்ல. ஆனா பட்ச்சவன் தலைல கீதா இல்லியா?" என்று கேட்டான்.

சனிக்கிழமை மதியம் நாற்பது நிமிடம் அந்த எண் வெளியே இருந்தது. ஒட்டிய பிரதி ஒருநாள் முழுக்க இருந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஆர்க்குட் காட்டாது.

"மாமாகிட்ட சொல்லிட்டன்னா வீலு போச்சி. சொல்லாம வுட்டா, ஒருவேள ஒண்ணும் ஆவாம கூடப் போலாம்," என்றான்.

"ஆவலாம், ஆவாமலும் போலாம்."

"நீ இன்னாதான் சொல்ற?"

"நீதான வீலு புடிக்கப்போற. நீ சொல்லு."

தடை முடிய இரண்டு நாள் இருந்தபோது சொன்னான். நானும் கூடப் போயிருந்தேன். படகில் ஐஸ் ஏற்றத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். மாமா புதுப் பெயிண்ட் வாசனைக்கு நடுவே முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரஞ்சித் முழுக்கச் சொன்னான். நெட் என்றால் என்ன, குழு என்றால் என்ன என்று இடையிடையே நான் விளக்கினேன்.

"எத்தினி பேரு பாப்பாங்கோ அத்த?"

"நாலாயிரம் பேரு கீறாங்கோ மாமா. அத்தினி பேரும் பாத்திருக்க மாட்டாங்கோ."

"எந்தக் கட்சிக்காவடா…" என்று ஆரம்பித்தவர் சட்டென்று கையைத் தூக்கினார். "வோணாம். சொல்லாத. எனுக்குத் தெரிய வோணாம்."

தைலச் சீசாவின் மூடியைத் திருகி மூடினார்.

"கட்சிய போட்டுக்குக் கொண்டாராதன்னு சொன்னேன். நீ போட்ட எடுத்துகினு போயி கட்சிகிட்ட குட்த்துட்ட."

"தப்புதான் மாமா."

"மொத ட்ரிப்பு கரைல இரு. வீலு நான் புடிச்சிக்கறேன்."

"முட்டி…"

"என் முட்டி. உனுக்கு இன்னா?"

மறுநாளைக்கு மறுநாள் காலை, படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு துறைமுக வாயைத் தாண்டிப் போனபோது, ரஞ்சித் அலைத்தடுப்புக் கல்லின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவின் படகு பெரிய படகுகளுக்குப் பின்னால் போனது. முன்னால் போகும் படகுகளில் எது பாரு இருக்கும் பக்கமாக வடக்கே வளைகிறது, எது நேராகப் போகிறது என்று அவன் ஒவ்வொன்றாகக் கவனித்தான். கரையிலிருந்து அதைச் சொல்ல முடியாது. கொஞ்ச தூரம் போனால் எல்லாம் ஒரே புள்ளி.

அந்தப் பத்து நாளும் அவன் சென்டர் பக்கம் வரவில்லை. வலை பின்னுமிடத்திலேயே கிடந்தான். அங்கே யாராவது அந்தப் பாரைப் பற்றி வாய்தவறிப் பேசுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். பதினோராம் நாள் காலை மாமாவின் படகு வந்தது. தண்ணீரில் நன்றாகத் தாழ்ந்து வந்தது. அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், உள்ளே பாரம் இருக்கிறது.

கயிற்றை ரஞ்சித்தான் வாங்கிக் கட்டினான். கேட்கப் பயந்து, கட்டின முடிச்சையே திரும்பக் கட்டினான்.

மாமா பலகையைப் பிடித்து மெதுவாக இறங்கினார். "கேளேன். இன்னாத்துக்கு அந்தக் கயித்தப் போட்டு கொல்ற?"

"அங்க யாருனா வந்தாங்களா மாமா?"

"மூணு நாளு நின்னேன். ஈ, காக்கா இல்ல."

ரஞ்சித் மூச்சு விட்டான். நான் பக்கத்தில் நின்றதால் அது கேட்டது. ஆனால் உடனே அவன் முகத்தில் வேறொன்று வந்தது. நன்றாகப் பெய்த மழையில் நனையாமல் வந்தவனுக்கு, ஏன் நனையவில்லை என்று சந்தேகம் வருவதுபோல.

"ஒருத்தன் கூடவா?"

"ஒருத்தனும் இல்ல."

"நாலாயிரம் பேரு மாமா," என்றான். "மூணு தசமத்தோட எழுதிக் குட்த்தேன். ஒருத்தன் கூடவா நம்பல?"

மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் மீன் கூடைகள் இறங்கத் தொடங்கியிருந்தன.

"இப்ப உனுக்கு அது வேற கஸ்டமா? யாராவது நம்பி வந்து நின்னுருந்தா சந்தோசப்பட்ருப்பியா?"

மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலை நீட்டி மடக்கினார். வலியில் பல்லைக் கடித்தார்.

"நாளைக்கு ஐஸ் ஏத்தணும். ஆறு மணிக்கு வந்துடு."

"வீலு யாரு மாமா?"

"முட்டி வலிக்காதவன்தான் புடிக்கணும். போ, போயி கூடய எறக்கு."

ரஞ்சித் படகில் ஏறினான். முதல் கூடையைத் தூக்கும்போது வீல் ரூமின் சாத்திய கதவை ஒருமுறை பார்த்தான். அப்புறம் கூடையை என் பக்கமாக நீட்டினான். நான் ஒரு பக்கம் பிடித்தேன். நிஜமாகவே நல்ல பாரம்.